மதுரையில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கறிஞர் அலுவலகம்: கணக்கிடும் முறை எப்படி?

தச்சு வேலை செய்யும் என் தம்பிக்கு வயது 34. லாரி மோதி வலது மணிக்கட்டு நொறுங்கியதால், இனி உளியை இறுகப் பிடிக்க முடியாது. முதலில் விசாரித்த இடத்தில், ஆவணம் எதையும் பாராமலே பெருந்தொகை வரும் என்றார்கள். பின்னர் நாங்கள் நாடிய வழக்கறிஞரோ, மருத்துவக் குழுவின் ஊனச் சான்றிதழ் கைக்கு வரும்வரை தொகையைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டார். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது.

சான்றிதழில் 40 சதவீதம் என்று வந்ததும், எங்கள் முன்னாலேயே தாளில் கணக்குப் போட்டார். மாத வருமானம் 15,000 ரூபாய், சுயதொழில் செய்யும் 40 வயதுக்கு உட்பட்டவருக்கு, உச்ச நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டு பிரணய் சேத்தி தீர்ப்பின்படி எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்த்தால் 21,000, ஆண்டுக்கு 2,52,000. இதை, 31 முதல் 35 வயது வரையுள்ளோருக்கு அதே நீதிமன்றத்தின் 2009ஆம் ஆண்டு சர்லா வர்மா தீர்ப்பு வகுத்த 16 என்ற எண்ணால் பெருக்கினால் 40,32,000 ரூபாய். உயிரிழப்பு வழக்குகளைப் போலச் சொந்தச் செலவுக்கென்று இதில் எதையும் கழிப்பதில்லை.

வழக்கறிஞரின் உண்மையான திறமை அடுத்த படியில்தான் தெரிந்தது. மருத்துவர் தரும் ஊன விகிதமும் சம்பாதிக்கும் திறன் குறைந்த விகிதமும் ஒன்றல்ல என்றும், கையை இழந்த தச்சருக்கும் எழுத்தருக்கும் இழப்பு வேறு வேறு என்றும் 2010ஆம் ஆண்டு ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருப்பதைக் காட்டி, தொழில் திறன் இழப்பை 60 சதவீதமாகக் கோரினார். அதன்படி 24,19,200 ரூபாய். வழக்கை விசாரிக்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் 40 சதவீதத்தை மட்டும் ஏற்றால் 16,12,800. மருத்துவச் செலவும் வலி, வேதனைக்கான தொகையும் தனி. வருமானத்தை நிரூபிக்காவிட்டால் இவ்வளவும் சரிந்துவிடும் என்பதால், வேலை கொடுத்தவர்களின் சாட்சியத்தையும் வங்கிக் கணக்கையும் திரட்டச் சொன்னார்.

கட்டணத்திலும் நேர்மை இருந்தது. இழப்பீட்டில் வழக்கறிஞர் பங்கு பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன; இவர் நிலையான தொகையை ரசீதுடன் பெற்றுக்கொண்டார்.

குறை ஒன்று உண்டு: வாய்தா தேதிகளைத் தாமாகத் தெரிவிப்பதில்லை, ஒவ்வொரு முறையும் குமாஸ்தாவுக்கு நாமே தொலைபேச வேண்டியிருக்கிறது. காயத்தோடு வேலையிழந்து வீட்டிலிருப்பவருக்கு இது பெரிய மன உளைச்சல். வழக்கு நிலுவையில் இருப்பதால் முடிவைப் பற்றி எழுத இயலாது. ஆயினும் கைத்தொழில் செய்து காயமடைந்தவர்களுக்கு இந்த அலுவலகத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். செல்லும்போது சிகிச்சைப் பதிவுகளையும் முதல் தகவல் அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள்.