ஓக் மரச் சமையல் மேடைக்கு எந்த எண்ணெய்?

இங்கிலாந்தில் வீடு மாறும்போது அடுக்களையில் கிரானைட்டுக்குப் பதிலாக மரப்பலகை மேடையைக் காண்பது வியப்புக்குரியதன்று. ஓக், பீச், வால்நட், இரோக்கோ போன்ற மரங்களில் ஒன்றைப் பட்டைகளாக அறுத்து, பக்கம் பக்கமாக ஒட்டி, பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் தடிமனில் செய்யப்படும் இந்தப் பலகைகளில் பலவற்றுக்கு எண்ணெய் மட்டுமே காப்பு. நாங்கள் குடிபுகுந்த வீட்டில் இருந்தது ஓக். அடுப்புப் பக்கம் தேன் நிறத்தில் அழகாக இருந்த அதே பலகை, சிங்க் குழாயின் பின்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் பூத்துச் சொரசொரப்பாகக் கிடந்தது. அங்கே ஒரு துளி நீர் விட்டுப் பார்த்தேன். முத்தாக நிற்க வேண்டிய துளி சற்று நேரத்தில் மரத்துக்குள் இறங்கிக் கருந்திட்டாயிற்று. முன்பு இருந்தவர்கள் எதைப் பூசினார்கள், எப்போது பூசினார்கள் என்று சொல்ல ஆளில்லை. கடைக்குப் போனால் கனிம எண்ணெய், ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய், டேனிஷ் எண்ணெய், ஹார்ட்வாக்ஸ் எண்ணெய் என வரிசையாக டப்பாக்கள். எல்லாமே மேடைக்கு உகந்தவை என்றே சொல்லிக்கொண்டன.

இவற்றுள் எது உறுதியானது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். மஞ்சளும் புளியும் இரும்புத் தோசைக்கல்லும் புழங்கும் அடுக்களையில் சில ஆண்டுகள் அந்தப் பலகையோடு மல்லுக்கட்டிய பிறகு, எந்தப் பூச்சும் எங்காவது ஓரிடத்தில் தோற்கும் என்பதையும், தோற்ற இடத்தை மட்டும் சீர்செய்ய எது இடம் கொடுக்கிறது என்பதே தேர்வுக்குரிய அளவுகோல் என்பதையும் ஏற்றுக்கொண்டேன். கீழே உள்ள ஒப்பீடு அந்த அளவுகோலை வைத்தே செய்யப்பட்டது.

முதற்பிரிவு உலரும் எண்ணெய், உலராத எண்ணெய் என்பதாகும். எண்ணெய் உலர்வது தண்ணீர் ஆவியாவதைப் போன்றதன்று. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாவதையே உலர்தல் என்கிறோம். எந்த எண்ணெய் எவ்வளவு உலரும் என்பதை அதன் அயோடின் எண் ஓரளவு காட்டிவிடும்; ஆய்வகத்தில் அளக்கப்படும் இந்த எண் கூடினால் எண்ணெய் நன்றாக உலரும். தேங்காய் எண்ணெய்க்கு அது 10ஐ ஒட்டியும், நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120 வரையிலும், ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேலும் இருக்கும். வாரக்கணக்கில் துலக்காமல் விட்ட குத்துவிளக்கின் அகலைத் தொட்டவர்களுக்கு இந்த எண்கள் தேவையில்லை. விரலில் ஒட்டுகிற அந்தப் பழுப்புப் பிசுக்கு, பாதி உலர்ந்து மீதி உலராமல் நின்றுவிட்ட நல்லெண்ணெய்தான். சூரியகாந்தி எண்ணெயைச் சமையல் புட்டியிலிருந்து நேரே மேடையில் தேய்த்தாலும் அதே பிசுக்குதான் மிஞ்சும். அதன் மேல் மாவுத் தூசியும் துணி நூலும் படிந்துவிட்டால் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

ஊரிலிருந்து வந்த அறிவுரையின்படி நான் முதலில் பூசியது தேங்காய் எண்ணெய். அக்டோபரில் பூசினேன், பலகை உடனே பளபளத்தது. சன்னலோரம் குளிர் ஏறிய பிறகு பார்த்தால், பட்டைகளின் இணைப்புக் கோடுகளில் வெள்ளையாக உறைந்து நின்றது. 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும் என்பது, குளிர்காலக் காலையில் தலைக்குத் தேய்க்கப் புட்டியை வெந்நீரில் வைத்தவர்களுக்குத் தெரிந்த செய்தி. மேடையில் பூசும்போது மட்டும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. உறைவதைப் பொறுத்துக்கொண்டாலும், மரத்துக்குள் கிடக்கும் சமையல் எண்ணெய் நாளடைவில் காறல் வாடை வீசும் என்பது வேறொரு குறை.

கனிம எண்ணெய்க்கு அந்தக் குறை இல்லை. மருந்துக்கடையில் மலமிளக்கியாக விற்கப்படும் லிக்விட் பாரஃபினும் வெட்டுப்பலகை எண்ணெயாக விற்கப்படுவதும் பெரும்பாலும் ஒன்றே. அதற்கு நிறமோ மணமோ இல்லை, காறாது, உணவு படலாம், கந்தைத் துணியால் பூச அரைமணி நேரம் போதும். ஆனால் அது எந்நாளும் உலராது. சோப்பு நீர் படப்பட வெளியேறிக்கொண்டே இருப்பதால், புழக்கமுள்ள மேடைக்கு மாதம் ஒருமுறையாவது பூச வேண்டும். தேன்மெழுகு கலந்த பசையாக வாங்கினால் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரிக்குள் உருகிவிடுவதால், இறக்கிய குழம்புச்சட்டியை அதன் மேல் வைத்தால் வட்டமாகத் தடம் விழும். காய் நறுக்கும் பலகைக்கு இதைவிட நல்லது இல்லை என்பேன். மூன்று மீட்டர் மேடைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: கனிம எண்ணெயைக் குடித்த மரத்தின் மேல் உலரும் எண்ணெய் சரியாகப் பிடிக்காது. பின்னாளில் மனம் மாறினால் ஒயிட் ஸ்பிரிட் என்னும் பெயிண்ட் கரைப்பானால் துடைத்து, உப்புத்தாள் போட்டு அதை வெளியேற்றிய பிறகே வேறொன்றைப் பூச முடியும்.

உலரும் எண்ணெய்களில் பழையது ஆளிவிதை எண்ணெய். பச்சையாகப் பூசினால் உலர நாள்கள் அல்ல, வாரங்களே ஆகலாம். நம்மூர்ப் பெயிண்ட் கடைகளில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேட்டு வாங்குவது விரைவாக உலரும். அந்த விரைவு காய்ச்சியதால் மட்டும் வருவதன்று, பெரும்பாலும் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகளைச் சேர்ப்பதால் வருவது. கதவு நிலைக்கு அது பொருந்தும். மேடைக்கு எனக்கு உடன்பாடில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளாகும், அதிலும் மைக்ரோவேவ் பெட்டியின் அடியைப் போல வெளிச்சம் படாத இடத்தில் கூடுதலாக மஞ்சளாகும், ஈரம் தங்கினால் பூஞ்சையும் பிடிக்கும். சீனாவிலிருந்து வந்த, டங் மரத்தின் விதையிலிருந்து பிழியும் டங் எண்ணெய் இதைவிட நன்றாக நீரைத் தடுக்கும், மஞ்சளாவதும் குறைவு. ஆயினும் கலப்பில்லாத டங் எண்ணெயைப் பல முறை பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் நாள்கணக்கில் அடுக்களையை மூடி வைக்கும் பொறுமை குடும்பம் உள்ள வீட்டில் வாய்ப்பதில்லை.

ஆகவே உண்மையான போட்டி டேனிஷ் எண்ணெய்க்கும் ஹார்ட்வாக்ஸ் எண்ணெய்க்கும் இடையில்தான். டேனிஷ் எண்ணெய் என்பது ஒரு மரத்தின் எண்ணெயும் அன்று, டென்மார்க்கின் சொத்தும் அன்று. டங் அல்லது ஆளிவிதை எண்ணெயோடு வார்னிஷ் பிசினையும் கரைப்பானையும் ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கில் கலந்து விற்பது. நீர்த்திருப்பதால் மரத்துக்குள் நன்றாக இறங்கும். துணியால் பூசி, கால்மணி நேரம் கழித்து மேலே நிற்பதைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் பளபளப்பான, ஒட்டுகிற திட்டு விழும். பலர் இந்த எண்ணெயைக் குறைசொல்வதற்கு இதுவே காரணம். வெற்று மரத்துக்கு நான்கைந்து பூச்சு வேண்டும்; ஒரு நாளைக்கு இரண்டு பூசலாம். ஹார்ட்வாக்ஸ் என்பது தாவர எண்ணெய்களோடு, ஒருவகைப் பனையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா போன்ற கடினமெழுகைச் சேர்த்தது. கார்னௌபா உருக 80 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். ஜெர்மனியின் ஆஸ்மோ நிறுவனத்தின் மேடை எண்ணெய் இவ்வகையில் பரவலாகக் கிடைப்பது. இரண்டே பூச்சு; ஒவ்வொன்றும் கஞ்சத்தனமாக, கையிலிருக்கும் துணி வறண்டுபோகும் அளவுக்கு இழுத்துத் தேய்க்கப்பட வேண்டும்; இரண்டுக்கும் இடையே ஓர் இரவு.

எங்கள் மேடையின் இடப்புறம் டேனிஷும் வலப்புறம் ஹார்ட்வாக்ஸும் பூசி ஓராண்டு பார்த்தேன். வீட்டில் சிலருக்கு இந்த ஆராய்ச்சி பிடிக்கவில்லை. முதல் ஆறு மாதம் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை, கைக்குத் தெரிந்தது: ஹார்ட்வாக்ஸ் பக்கம் மெழுகின் வழவழப்பு, டேனிஷ் பக்கம் மரத்தின் ரேகை விரலில் தட்டியது. அதன்பின் டேனிஷ் பக்கத்தில் நீர்த்துளி பரவத் தொடங்கிற்று; ஹார்ட்வாக்ஸ் பக்கத்தில் அப்போதும் உருண்டது. கொட்டிய ரசத்தை இரண்டு மணி நேரம் கழித்துத் துடைத்தபோதும் ஹார்ட்வாக்ஸ் பக்கம் தடம் விடவில்லை. சீர்செய்வதில் டேனிஷ் ஒரு படி மேல்: லேசாக உப்புத்தாள் போட்டுத் துணியால் ஒற்றினால் பழைய பூச்சோடு எல்லை தெரியாமல் கலந்துவிடும். ஹார்ட்வாக்ஸில் திட்டு மட்டும் பூசினால் ஓரம் சற்றே மினுங்கும். ஆகவே ஒரு பட்டையின் கோட்டிலிருந்து அடுத்த கோடு வரை பூச வேண்டும். விலையில் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் ஹார்ட்வாக்ஸ் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் ஆகும், ஆனால் செலவாகும் அளவு குறைவு. இட்லி மாவும் சாம்பாரும் நாள்தோறும் சிந்தும் வீட்டுக்கு நான் ஹார்ட்வாக்ஸையே சொல்வேன். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு டேனிஷ் எண்ணெய் பாதுகாப்பான தேர்வு.

வார்னிஷையும் பாலியூரித்தேனையும் ஒரே வரியில் கடந்துவிடலாம்: உடையாதவரை எல்லாவற்றையும் வெல்லும், ஒரு கத்திக்கீறல் வழியே நீர் அடியில் புகுந்துவிட்டால் மரம் கறுக்கும், முழு மேடையையும் உரித்தாக வேண்டும்.

நாள்தோறும் துடைப்பதில் போட்டியாளர்கள் குறைவு. பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில சொட்டு வெதுவெதுப்பான நீரில் கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, மரத்தின் ரேகைப்போக்கில் துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்றி எடுப்பது போதும். வினிகர் எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்பவர்கள் உண்டு. அமிலத்தை நாள்தோறும் தேய்த்தால் பூச்சு மங்கும். சமையல் சோடா நேரெதிர்க் காரம். ஓக்கைக் கறுக்கச் செய்யும், உலர்ந்த எண்ணெயையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோப்பாக்கும். பிளீச்சைப் பற்றிப் பேச்சே வேண்டாம். தேய்ப்பதற்குப் பச்சை நைலான் நார் சரி. இரும்பு நார் கூடவே கூடாது, ஏனென்றால் அதன் துணுக்குகள் ஓக்கில் தங்கி, ஈரம் பட்டதும் கரும்புள்ளிகளாகும்.

இந்தக் கறுப்பு, தமிழ் அடுக்களைக்கு மற்றவர்களைவிட நெருக்கமான சிக்கல். கழுவிய தோசைக்கல்லை ஈரத்தோடு ஓக் மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டு உறங்கப் போனேன். காலையில் நீலம் கலந்த கரிய வளையம், கம்பஸால் வரைந்தது போல. ஓக்கில் உள்ள துவர்ப்பொருளும் இரும்பும் நீரில் சந்தித்தால் கருமை பிறக்கும். கடுக்காயோடு இரும்பைச் சேர்த்து மை காய்ச்சிய அதே வேதியியல். அதனால் அது சோப்புக்கும் மசியாது, எண்ணெய்க்கும் மறையாது. எலுமிச்சையும் உப்பும் இளங்கறையை வெளிறச் செய்தன, வளையம் போகவில்லை. போக்கியது ஆக்சாலிக் அமிலம். பூச்சை உப்புத்தாளால் எடுத்துவிட்டு, படிகங்களை வெந்நீரில் கரைத்து, அந்தப் பட்டை முழுவதும் தடவி, கால்மணி நேரத்தில் கறை கரைவதைக் கண்ணால் பார்க்கலாம். வட்டத்தில் மட்டும் தடவினால் அங்கே வெளிறிய வட்டம் மிஞ்சும். அது நஞ்சு என்பதால் கையுறை வேண்டும், சமையல் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது, பலமுறை நீரால் துடைத்தெடுத்து, காய்ந்த மரத்தைத் தேய்க்கும்போது முகமூடியும் வேண்டும். பீச் மரத்தில் துவர்ப்பு மிகக் குறைவாதலால் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. ஆனால் பீச் ஈரத்தில் ஓக்கைவிடக் கூடுதலாக உப்பும்.

மஞ்சள் கறைக்கு நேர்மாறான மருத்துவம்: ஒன்றும் செய்யாதிருப்பது. சோப்பின் காரம் பட்டால் ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்த்தது போலச் சிவந்து மிரட்டும், அஞ்ச வேண்டியதில்லை. மஞ்சளின் நிறப்பொருள் வெயிலைத் தாங்காது. சன்னலோரத்தில் விழுந்த மஞ்சள் சில நாளில் தானே மறைந்தது. வெயில் எட்டாத மூலையில் விழுந்ததை உப்புத்தாளால்தான் எடுத்தேன்.

மறுபூச்சுக்கு நாள்காட்டியைவிட நீர்த்துளியே நம்பகமானது. துளி உருண்டால் விட்டுவிடலாம்; பரவிக் கறுத்தால் அந்த இடத்தைக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, 180 எண் உப்புத்தாளை ரேகைப்போக்கில் ஓட்டிப் பூசலாம். பூசிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. உலரும் எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளியிடும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் சிக்கித் தானே தீப்பிடிக்கும். நீரில் முக்கி, வெளியே விரித்துக் காயவைத்த பிறகே எறிய வேண்டும். கனிம எண்ணெய்த் துணிக்கு இந்த ஆபத்து இல்லை என்பது அதன் பக்கம் சொல்ல வேண்டிய நியாயம்.

எங்கள் மேடையில் இப்போது முழுவதும் ஹார்ட்வாக்ஸ்தான், ஆண்டுக்கு ஒருமுறை. குழாயின் பின்புறத்துக்கும், சிங்குக்காக அறுத்த விளிம்புக்கும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் ஆவி படும் அடிப்பக்கத்துக்கும் மட்டும் இரண்டுமுறை. அறுத்த முனையில் மரத்தின் குழல்கள் திறந்திருப்பதால் அது முகப்பைவிடப் பல மடங்கு எண்ணெயைக் குடிக்கிறது. தோசைக்கல்லுக்கு அடுப்பின் மேலேயே இடம் ஒதுக்கியாயிற்று.