சேலத்து வங்கி லாக்கர்: காலியாக விடப்படும் ஒரு கட்டம்

அம்மாபேட்டையில் கடை வைத்திருக்கும் நண்பர், நான் லாக்கர் வைத்திருக்கும் அதே கிளையில் தானும் ஒன்று எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். வாடகை, நாமினி விவரமெல்லாம் அவருக்கே தெரியும் என்பதால், என்னைப் பல ஆண்டுகளாக உறுத்தும் ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

நியாயமாகப் பார்த்தால், உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள் நன்மையே செய்திருக்கின்றன. திருட்டாலோ ஊழியர் மோசடியாலோ பொருள் பறிபோனால், ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கை வங்கி தர வேண்டும். வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். அது எத்தனை சவரனுக்குக் காணும் என்பது வேறு கதை. ஆனாலும் முன்புபோல் வங்கி கையை விரித்துவிட முடியாது. லாக்கரைத் திறந்த தேதியையும் நேரத்தையும் அன்றைக்கே குறுஞ்செய்தியில் தெரிவிப்பது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு.

எரிச்சல் பதிவேட்டில்தான். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் குறித்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. எங்கள் கிளையிலோ உள்ளே போகும்போதே கையெழுத்தை வாங்கிக்கொண்டு, "நேரத்தை நாங்க எழுதிக்கிறோம் சார்" என்பார்கள். திரும்பி வரும்போது பதிவேடு மூடியிருக்கும். காலையில் திறந்த லாக்கரை மாலை நான்கு மணிக்குத் திறந்ததாக ஒருமுறை குறுஞ்செய்தி வந்தது. அலுவலர் கணினியில் ஏற்றிய நேரம் அது. கேட்டதற்கு, ஆடிட்டில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை என்றார் மேலாளர். எப்படிச் சொல்வார்கள்? கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கிறவருக்கு, அது எப்போது நிரம்பியது என்று தெரியவா போகிறது?

இது அற்ப விஷயமன்று. பெட்டக அறைக்குள் போவோர் வருவோரைக் காட்டும் கேமராப் பதிவை 180 நாள்தான் வைத்திருந்தாக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ திறக்கிறவர் நகை குறைவதைக் கண்டுபிடிக்கும்போது அந்தப் பதிவு பெரும்பாலும் அழிந்திருக்கும். மிஞ்சுவது பதிவேடும் அந்தத் தப்பான குறுஞ்செய்தியும்தான். இரட்டைச் சாவி, இரும்புக் கதவு, கேமரா என்று இத்தனையும் செய்துவிட்டு, சாட்சியாக நிற்க வேண்டிய தாளில் ஊகத்தை எழுதி வைப்பதை என்னவென்று சொல்வது?

விதிகளுக்கு முழு மதிப்பெண் தருவேன். ஆனால் அந்தக் கிளையில் எடுக்க வேண்டாம் என்பதே நண்பருக்கு என் பதில். நான் மட்டும் ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்று கேட்பார். வேறொரு கிளையில் மனுக் கொடுத்துக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறேன். அதுவரை வெளியே வரும்போது பதிவேட்டைத் திறக்கச் சொல்லி, நேரத்தை என் கையாலேயே எழுதிவிட்டுத்தான் கிளம்புகிறேன். அலுவலருக்கு அது பிடிக்கவில்லை.