பழைய 433 சென்சர்களை மாற்றுவதா: வைஃபை, ஜிக்பீ, அல்லது இருப்பதே போதுமா?

கம்பியில்லாக் கதவுச் சென்சர் வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது, சிக்னல் எவ்வளவு தூரம் போகும் என்பதைத்தான். மட்டக்களப்பில் இருந்துகொண்டு நான் கேட்கச் சொல்வது வேறு இரண்டு கேள்விகள். இந்தச் சென்சர் செத்துப்போனால் அது எனக்கு எப்படித் தெரியவரும்? கரண்ட் போனால் என்ன ஆகும்? இவற்றைக் கேட்டாலே கடைக்காரர் எடுத்து வைக்கும் பெட்டிகளில் பாதி கழிந்துவிடும்.

நாமே வாங்கிப் பூட்டிய அலாரங்களில் அதிகம் காணப்படுவது 433 மெகாஹெர்ட்ஸ் வகை. சிம் அட்டை போட்ட வெள்ளைப் பெட்டி ஒன்று, சைரன், நாலைந்து கதவுச் சென்சர், இரண்டு அசைவுச் சென்சர். கதவு திறந்து, அதில் ஒட்டிய காந்தம் விலகியதும் சென்சர் தன் குறியீட்டைச் சில தடவை அனுப்பிவிட்டு உறங்கிவிடும். பெட்டிக்கு அது கேட்டதா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்கவும் வழியில்லை, ஏனென்றால் அதற்குள் அனுப்பும் கருவி மட்டுமே உண்டு, வாங்கும் கருவி கிடையாது. பற்றரி தீர்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் பெட்டி எல்லாம் சரி என்றே காட்டும். கல்லடியில் கடற்கரையோரம் உள்ள ஒரு வீட்டில் இத்தகைய சென்சரைத் திறந்து பார்த்தேன். விரல் நுனியளவு 12 வோல்ட் பற்றரியை அழுத்திப் பிடிக்கும் சுருள் கம்பியில் பச்சை படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. பற்றரியில் இன்னும் சக்தி இருந்தது, தொடுப்புத்தான் போயிருந்தது. அந்த வீட்டுப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

குறியீட்டு விஷயமும் உண்டு. பிடி2262 சில்லு போட்ட மிகப் பழைய சென்சர்களில் முகவரியை ஈயம் பற்றவைத்து அமைக்க வேண்டும். எட்டு முகவரிக் கால்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள், ஆக மொத்தம் 6,561 முகவரிகள். யாரும் மாற்றாமல் அப்படியே பூட்டினால் பக்கத்து வீட்டு ரிமோட்டுக்கு உங்கள் அலாரம் பணிந்துவிடக்கூடும். பின்னர் வந்த ஈவி1527 சில்லில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகள் இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் இரண்டுமே ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டைத்தான் அனுப்புகின்றன. அதைப் பிடித்து மறுபடி ஒலிபரப்புவது கடினமான வேலையல்ல. அரசடியில் ஓடு பிரித்து இறங்கும் திருடன் ரேடியோக் கருவியோடு வருவான் என்று நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை. தீர்ந்துபோன பற்றரி அதைவிடப் பெரிய ஆபத்து.

இவ்வளவு சொன்னாலும் இந்தப் பழைய வகைக்கு ஒரு பெருமை உண்டு. பெரும்பாலான பெட்டிகளுக்குள் சொந்தப் பற்றரி இருக்கிறது, இணையம் வேண்டாம், ரூட்டர் வேண்டாம். நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்ட 2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் நின்றதும் அண்மைக் கதைதான். அப்படிப்பட்ட நாள்களில் உள்பற்றரியில் ஓடும் பெட்டிக்கு மதிப்பு அதிகம். மேலும், 433 மெகாஹெர்ட்ஸ் அலை, வைஃபையும் ஜிக்பீயும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைவிடச் சுவர்களை நன்றாக ஊடுருவும். நீண்ட வளவின் கோடியில் உள்ள படலைக்கு இன்றும் இதைத்தான் சொல்வேன்.

வைஃபை சென்சரின் கவர்ச்சி எளிது: தனிப் பெட்டி வேண்டாம், இரண்டு ஏஏஏ பற்றரி, ஒரு செயலி. கட்டாரில் இருக்கும் மகன் அம்மாவின் வீட்டுக் கதவைக் கைபேசியில் பார்க்கலாம். அதற்கு மட்டும் என்றால் வாங்குங்கள். அலாரமாக நம்பிவிடாதீர்கள். பற்றரியைச் சேமிக்க இவை உறங்கிக்கொண்டே இருக்கும். கதவு திறந்த பிறகே விழித்து, ரூட்டரைத் தேடி இணைந்து, தூரத்துச் சேவையகத்துக்குச் செய்தி சொல்லும். அதற்குச் சில விநாடிகள் போய்விடும். சைரனையும் அதே செயலியில் கோத்திருந்தால், இணையம் அறுந்த நேரத்தில் கதவை உடைத்தாலும் சைரன் ஊமைதான். ரூட்டருக்கு மாற்று மின்சாரம் இல்லாத வீட்டில், கரண்ட் போன கணமே எல்லாச் சென்சர்களும் ஒன்றாகக் காணாமல் போகும்.

ஜிக்பீ என்பது சின்னச் சின்னக் கருவிகள் குறைந்த சக்தியில் பேசிக்கொள்ளும் கம்பியில்லா முறை. அதற்கு ஒரு மையக் கருவி தேவை. அமைக்கக் கொஞ்சம் பொறுமையும் தேவை. கதவுச் சென்சர் சிறியது. பல மாதிரிகள் சிஆர்2032 போன்ற நாணயப் பற்றரியில் ஓடும். சிஆர்2032 என்றால் மணிக்கூடு திருத்தும் கடையிலேயே கிடைக்கும், வேறு இலக்கம் என்றால் அலைய வேண்டிவரலாம். வாங்குமுன் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். செய்திகள் ஏஇஎஸ்-128 முறையில் மறையாக்கப்படுகின்றன. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, இது இருவழிப் பேச்சு என்பது. அனுப்பியது சேர்ந்ததா என்று சென்சருக்குத் தெரியும். சேரவில்லை என்றால் மறுபடி அனுப்பும். கதவு அசையாவிட்டாலும் இடைக்கிடை தான் உயிரோடிருப்பதையும் பற்றரி அளவையும் தெரிவிக்கும். ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளோடு பலர் சேர்த்துப் பயன்படுத்தும் ஜிக்பீ2எம்கியூடிடி மென்பொருளில் இந்தக் கண்காணிப்பை இயக்கினாலும், பற்றரிச் சென்சர் ஒன்று 25 மணி நேரம் மௌனமாக இருந்த பிறகே அதைத் தொடர்பற்றது என்று குறிக்கும். மணிக்கொரு தடவை பேசும் சென்சருக்கு இந்தக் கெடுவை மூன்று நான்கு மணியாகக் குறைத்துவிடலாம்.

ஜிக்பீயை விற்பவர்கள் வலைப்பின்னலைப் பற்றிப் புகழ்ந்து தள்ளுவார்கள். சுவரில் செருகிய ஸ்மார்ட் பிளக் ஒவ்வொன்றும் அடுத்த சென்சரின் செய்தியை வாங்கிக் கடத்தும், உண்மைதான். ஆனால் கரண்ட் போனால் அந்த பிளக்குகளும் போய்விடும்; அவற்றைப் பிடித்துத் தொங்கிய குசினிக் கதவுச் சென்சர் அந்தரத்தில் நிற்கும். சில சென்சர்கள் வேறு வழியைத் தேடிக்கொள்ளும், சில பிடிவாதமாகத் தேடாது. ஆகவே முன்கதவையும் பின்கதவையும் இடைக்கருவி இல்லாமல் நேரே மையக் கருவியோடு இணையுங்கள். மையக் கருவியையும் ரூட்டரையும் சிறிய யுபிஎஸ் ஒன்றில் போடுங்கள். நடுவில் கடத்தி தேவைப்பட்டால் யுஎஸ்பியில் ஓடுவதை வாங்கி அதே யுபிஎஸ்ஸில் செருகுங்கள். மையக் கருவி யுஎஸ்பியில் செருகும் வகை என்றால், அதைக் கணினியின் யுஎஸ்பி 3 துளையில் நேராகச் செருகாமல் நீட்டிப்புக் கம்பி போட்டுத் தள்ளி வையுங்கள். அந்தத் துளையின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும். வீட்டு வைஃபை 1, 6, 11 ஆகிய சானல்களில் ஒன்றில் ஓடினால் ஜிக்பீக்கு 15, 20, 25 ஆகிய சானல்களில் ஒன்றைத் தெரிவு செய்யலாம்.

ஜிக்பீ போன்ற இன்னொரு கம்பியில்லா முறையான இசட்-வேவ் நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் சென்சரும் ஐரோப்பாவிலிருந்து வரும் மையக் கருவியும் வேறு வேறு அலைவரிசையில் இருப்பதால் ஒன்றோடொன்று பேசா. இங்கே அதற்காக மெனக்கெட மாட்டேன்.

எந்த ரேடியோவை வாங்கினாலும் தீராத இரண்டு பிரச்சினைகள் உண்டு. முதலாவது வெக்கை. பிஐஆர் அசைவுச் சென்சர் ஆளைப் பார்ப்பதில்லை. சுற்றுப்புறத்துக்கும் உடம்புக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு நகர்வதைத்தான் பார்க்கிறது. கச்சான் காற்று வீசும் கோடையில் பூட்டிய அறையின் சுவர் 34, 35 பாகைக்கு ஏறிவிட்டால் அந்த வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிடும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்குக் குடும்பத்தோடு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் பகல் இந்தக் காலத்தில்தான் வருகிறது. அஸ்பெஸ்டஸ் கூரைக்கு நேர் கீழே பூட்டிய பிஐஆரை அன்று நம்ப முடியாது. மில்லிமீட்டர் அலை ரேடார்ச் சென்சர் வெப்பத்தைப் பொருட்படுத்தாது. ஆனால் பெரும்பாலும் ஓயாத மின்சாரம் கேட்கும், சுழலும் மின்விசிறியையும் ஆள் என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் காசுக்கு இன்னும் இரண்டு யன்னல்களுக்குக் காந்தச் சென்சர் போடலாம்.

இரண்டாவது மாரி. மழையில் மரக்கதவு ஊதி, நிலையோடு சரியாகப் பொருந்தாமல் நிற்கும். கோடையில் ஒட்டிய காந்தத்துக்கும் சென்சருக்கும் உள்ள இடைவெளி கார்த்திகையில் கூடிவிடும். நள்ளிரவில் காரணமில்லாமல் சைரன் அலறும். இடைவெளியை ஐந்து மில்லிமீட்டருக்குள் வைத்து, இரட்டைப் பக்க நாடாவை நம்பாமல் சிறிய திருகாணி போடுங்கள். இரும்புக் கிறிலில் பூட்டுவதானால் அடியில் பிளாஸ்டிக் துண்டு ஒன்று வையுங்கள். இரும்பு காந்தத்தின் பலத்தைத் தன்பக்கம் இழுத்துவிடும்.

என் தெரிவு கலவைதான். ஆள் நுழையக்கூடிய கதவுகளுக்கு ஜிக்பீ. படலைக்கும் கிணற்றடிக் கொட்டிலுக்கும் பழைய 433. 433 சிக்னலை வாங்கி வைஃபையில் கடத்தும் சொனோஃப் ஆர்எஃப் பிரிட்ஜ் போன்ற கருவி இருந்தால் ஈவி1527 சென்சர்களின் குறியீட்டையும் அதே ஹோம் அசிஸ்டன்டுக்குள் கொண்டுவரலாம். அவற்றின் பற்றரியை மட்டும் ஆண்டுக்கொருமுறை, மாரி தொடங்குமுன், தீராவிட்டாலும் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது பின்கதவிலிருந்து தொடங்குங்கள், பழைய பெட்டியை உடனே கழற்ற வேண்டாம். இரண்டும் அருகருகே ஓடட்டும். ஒருநாள் மெயின் சுவிட்சை நீங்களே நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து ஒவ்வொரு கதவாகத் திறந்து பாருங்கள். எல்லாக் கதவுக்கும் புதிய அமைப்பின் சைரன் ஒலித்தால் பழைய பெட்டியைக் கழற்றலாம்.