உப்பு ஏற்றும் அழுத்தம்: பழி சிறுநீரகத்தின் மீதா, எதிர்ப்பு செல்கள் மீதா?

ரத்தக்கொதிப்பு என்று போனால் டாக்டர் முதலில் கை வைப்பது உப்பில்தான். அந்த உப்பு உள்ளே போய் என்ன செய்கிறது என்பதில் இரண்டு கட்சி உண்டு.

பழையது சிறுநீரகக் கட்சி. அமெரிக்க உடலியல் அறிஞர் ஆர்தர் கைட்டன் 1970களில் வலுவாக முன்வைத்தது. உப்பு சேர்ந்தால் நீர் தேங்கும், அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தமே மிச்ச உப்பைச் சிறுநீரில் தள்ளிவிடும். இந்தத் தள்ளல் மந்தமானால்தான் கொதிப்பு நிலைக்கும். கணக்கு சுத்தம், உப்பைச் சிறுநீரில் வெளியேற்றி அழுத்தத்தை இறக்கும் தயாசைடு மாத்திரை அதற்குச் சாட்சி.

புதியது நோய் எதிர்ப்பு செல்களின் கட்சி. 2007இல் அமெரிக்காவில் டேவிட் ஹாரிசன் குழு, டி செல், பி செல் என்ற இரு வகை எதிர்ப்பு வெள்ளணுக்களும் இல்லாத சுண்டெலிகளுக்கு, அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தது. வழக்கமான அளவுக்கு அழுத்தம் ஏறவில்லை. டி செல்களை ஏற்றியதும் ஏறியது. பி செல்களுக்கு அந்தப் பலன் இல்லை.

சரி, உப்புக்கும் இந்த செல்களுக்கும் என்ன தொடர்பு? விஷயம் எரிபொருளில் இருக்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியா வரை கொண்டுபோய் முழுக்க எரித்தால், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி ஏறக்குறைய 30 கிடைக்கும். பாதியில் லாக்டேட்டாக விட்டுவிட்டால் 2 மட்டும். சும்மா இருக்கும் டி செல் முதல் வழியை நம்பும். சண்டைக்கு எழுந்த செல் இரண்டாவதையும் தாராளமாக எடுத்துக்கொள்ளும். ஊதாரித்தனம்தான், ஆனால் வேகம் உண்டு, பெருகத் தேவையான கட்டுமானப் பொருளும் வரும்.

பெர்லினில் மேக்ஸ் டெல்புரூக் மையத்து ஆய்வாளர்கள் 2021இல் காட்டியது இந்த இடத்தில்தான். சோடியம் கூடியதும், மோனோசைட்டுகள் என்ற இன்னொரு வகை எதிர்ப்பு செல்களின் மைட்டோகாண்ட்ரியாவில், ஏடிபி தயாரிக்க உதவும் சுவாசச் சங்கிலியின் இரண்டாம் கண்ணி தடைபட்டது. ஆரோக்கியமானவர்களுக்குச் சுமார் 10 கிராம் உப்புள்ள பீட்சா கொடுத்தார்கள் (இப்படி ஓர் ஆய்வுக்கு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை). மூன்று மணி நேரத்தில் செல்களின் சுவாசம் தளர்ந்தது, எட்டு மணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட மீண்டது. தினம் மூன்று வேளையும் இப்படிச் சாப்பிட்டால் அழுத்தம் ஏறுமா என்பதை அந்த பீட்சா சொல்லவில்லை. புதிய கட்சியின் பலவீனம் இதுதான்.

மருந்தென்று வந்தால் அது இன்னும் தடுமாறுகிறது. சைக்ளோஸ்போரின் என்ற மருந்து டி செல்களை அடக்கும், ஆனால் அழுத்தத்தை ஏற்றிவிடும். சிறுநீரக ரத்தக்குழாய்களைச் சுருக்கி உப்பையும் தேக்குகிறது. அழற்சியைத் தணிக்கும் கனாகினுமாப், 10,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த சோதனையில் மாரடைப்பைக் குறைத்தது, ரத்த அழுத்தத்தைக் குறைக்கவில்லை. மறுபக்கம், சோரியாசிஸ் அல்லது முடக்குவாதம் இருந்த எட்டே பேரிடம், எதிர்ப்பு செல்களை அடக்கும் மைகோபீனோலேட் மருந்து அழுத்தத்தை இறக்கியது. எட்டுப் பேரை வைத்து மாத்திரை எழுத முடியாது. சிகிச்சையில் என் ஓட்டு சிறுநீரகத்துக்கே.

காரணம் கேட்டால் மட்டும் எனக்கு இரண்டும் எதிர்க்கட்சிகளாகத் தெரியவில்லை. சுண்டெலிகளில், டி செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-17 என்ற சமிக்ஞைப் புரதம், சிறுநீரகத்தில் உப்பைத் திரும்ப உறிஞ்சும் கடத்திப் புரதங்களை முடுக்குகிறது. அவற்றில் ஒன்று, தயாசைடு அடைக்கிற அதே சோடியம்-குளோரைடு கடத்தி.