டிஜோன் ஆந்தைப் பாதை: சுவாமிமலைச் சிற்பி ஒருவனின் மதிப்புரை

பிரான்சில் மகளோ மருமகனோ இருக்கும் நம் பக்கத்துக் குடும்பங்கள், காரைக்காலோ மயிலாடுதுறையோ எதுவானாலும், அங்கே போனால் ஈபெல் கோபுரத்தையும் லூர்து மாதாவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டிஜோன் என்று ஓர் ஊர் இருக்கிறது. பாரிஸின் கார் தெ லியோன் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். கும்பகோணத்தில் பஸ் ஏறிக் காரைக்காலில் இறங்குவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

எனக்கும் அந்த ஊரைத் தெரியாது. தங்கை மகளைக் காரைக்கால் பத்தர் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். 1962-ல் பிரெஞ்சிந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர் மாப்பிள்ளையின் தாத்தா. அந்த வழியில் பிள்ளைகள் இப்போது பாரிஸ் பக்கம் இருக்கிறார்கள். "மாமா, நீங்கள் சிலை வார்க்கிறவர். டிஜோனைப் பார்க்காமல் உங்களை ஊருக்கு அனுப்ப மாட்டேன்" என்று மாப்பிள்ளைதான் பிடிவாதமாக அழைத்துப் போனார்.

டிஜோனைச் சுற்றிப் பார்க்க வழிகாட்டியை அமர்த்த வேண்டியதில்லை. ஊரின் சுற்றுலா அலுவலகத்தில் சில யூரோவுக்கு ஒரு கையேடு கிடைக்கிறது. நடைபாதைக் கற்களில் ஆந்தை பொறித்த சிறு முக்கோண உலோகத் தகடுகளைப் பதித்திருக்கிறார்கள். அவை காட்டும் திசையில் நடந்தால் எண்ணிட்ட 22 இடங்களுக்கு வழி தவறாமல் போய்ச் சேரலாம். இதுதான் ஆந்தைப் பாதை. கையேடு தமிழில் இல்லை, மாப்பிள்ளை படித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். தகடுகள் கால்பட்டுத் தேய்ந்து பளபளவென்று இருக்கின்றன. குனிந்து தடவிப் பார்த்தேன், ஓரங்களைக் கல்லோடு கல்லாக இழைத்துப் பொருத்தியிருந்தார்கள். தரையில் மிதிபடப் போகிற பொருளுக்குக்கூட இத்தனை கவனம்.

தொடக்கத்தில் வரும் பூங்கா, நுழைவாயில் வளைவு, கடைத்தெரு எல்லாம் அழகுதான், ஆனால் அங்கே நிற்க வேண்டாம். நேராக நோத்ர்தாம் ஆலயத்துக்குப் போய்விடுங்கள். 13-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். முகப்பில் வரிசை வரிசையாக விலங்கும் மனிதனும் அரக்கனுமாக 51 உருவங்கள் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கின்றன. மேலே ஒரு மணிக்கூண்டு. அதில் மணியடிக்கும் உலோக மனிதனை 1382-ல் பர்கண்டிப் பகுதியை ஆண்ட துணிச்சல்கார பிலிப் கோமகன் கூர்த்ரே என்ற ஊரை வென்றபோது அங்கிருந்து எடுத்து வந்தாராம். பிறகு வந்தவர்கள் அவனுக்கு மனைவி, மகன், மகள் என்று குடும்பமே சேர்த்துவிட்டார்கள். மகள் வந்தது 1884-ல். ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஓர் ஊர் ஒரு பொம்மையைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறது.

ஆலயத்தின் வடபுறச் சந்தில், தூண் மூலையில், கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது, பாதைக்குப் பெயர் தந்த அந்தக் கல் ஆந்தை. இடது கையால் தொட்டு வேண்டிக்கொள்வது வழக்கம். தொட்டுத் தொட்டு கண், அலகு எதுவும் மிஞ்சவில்லை, வழுவழுப்பான ஒரு கல் திரட்சிதான் இருக்கிறது. 2001-ல் யாரோ ஒருவன் சுத்தியலால் அடித்து உடைத்துவிட, பழைய அச்சு ஒன்றை வைத்துச் சீர்செய்திருக்கிறார்கள். எங்கள் பட்டறையில் சிலைக்குக் கண் திறப்பதை எவ்வளவு பயபக்தியோடு செய்வோம் என்று அறிந்தவர்களுக்கு, கண்ணே இல்லாத உருவத்தின் முன்னால் ஒரு கூட்டம் வரிசையில் நிற்பது மனத்தை என்னவோ செய்யும். நானும் தொட்டேன். தங்கை மகளுக்காக வேண்டிக்கொண்டேன்.

அங்கிருந்து சற்றுத் தொலைவில் கோமகன்களின் அரண்மனையும் அதன் முன்னே அரைவட்டச் சதுக்கமும். வெர்சாய் அரண்மனையில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் அர்துவான்-மான்சார் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தது. நடுவில் பதினான்காம் லூயியின் வெண்கலக் குதிரைச் சிலை இருந்ததாம். பாரிஸில் வார்த்த சிலை, சாலை மோசம் என்பதால் வழியில் ஒரு கொட்டகையில் பல ஆண்டுகள் கிடந்து, 18-ஆம் நூற்றாண்டில்தான் இங்கே நின்றிருக்கிறது. 1792-ல் புரட்சிக்காரர்கள் அதை உருக்கிவிட்டார்கள். கையேட்டில் இது சிறு குறிப்புதான். எனக்கு அந்த வெற்றிடத்தை விட்டு நகர மனம் வரவில்லை. அவ்வளவு பெரிய குதிரைக்கு எத்தனை மெழுகு, எத்தனை மண், எத்தனை பேர் உலை முன்னால் வெந்திருப்பார்கள்!

இனி விஷயத்துக்கு வருகிறேன். அரண்மனையின் ஒரு பகுதி இப்போது நுண்கலை அருங்காட்சியகம். நிரந்தரக் காட்சிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆந்தைப் பாதையில் வருகிறவர்கள் பலர் வெளியே படம் எடுத்துக்கொண்டு அடுத்த எண்ணுக்கு நடந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உள்ளே காவலர் கூடம் என்ற அறையில் பர்கண்டிக் கோமகன்களின் இரண்டு கல்லறைகள் இருக்கின்றன. முதலாவது, 1404-ல் இறந்த துணிச்சல்கார பிலிப்புடையது. கறுப்புச் சலவைக்கல் பலகைமேல் கோமகன் கைகூப்பிப் படுத்திருக்கிறார், காலடியில் சிங்கம், தலைமாட்டில் தேவதூதர்கள். அதெல்லாம் எங்கும் உண்டு. கீழே பாருங்கள். பலகைக்கு அடியில் சிறு மண்டபம்போல் வளைவுகள், அவற்றுக்குள் துக்க ஊர்வலம் போகும் துறவிகளும் துக்க அங்கி அணிந்தவர்களும். அலபாஸ்டர் என்ற வெள்ளை மென்கல்லில் ஒவ்வொருவரும் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த உயரம். ஒரு கல்லறைக்கு ஏறக்குறைய 40 பேர்.

ஒருவர் அங்கியின் ஓரத்தால் கண்ணைத் துடைக்கிறார். ஒருவர் புத்தகம் வைத்திருக்கிறார். ஒருவருக்கு முக்காடு முழுக்க மூடி முகமே தெரியவில்லை, அழுகை முழுவதும் துணி மடிப்பில்தான் இருக்கிறது. தோளிலிருந்து இறங்கும் கனமான மடிப்பு முழங்கால் அருகே உடைந்து, தரையில் பட்டுக் குவிகிறது. நாங்கள் மெழுகில் ஆடை மடிப்பைக் கத்தியைக் காய்ச்சி இழைப்போம், தவறினால் மறுபடி மெழுகை ஒட்டிக்கொள்ளலாம். கல்லில் ஒட்ட முடியாது. அதுவும் வளைவுக்குள் மறைந்து, பார்க்கிறவர் கண்ணுக்கு எட்டாத முதுகுப் பக்கத்தையும் அதே அக்கறையோடு செதுக்கியிருக்கிறார்கள். நம் உற்சவமூர்த்திகளின் பின்னழகை அறிந்தவர்களுக்கு இது புரியும்.

இதைச் செய்தவர்கள் யார் என்பதும் தெரிகிறது. தொடங்கியவர் ழான் தெ மார்வில். 1389-ல் அவர் இறந்ததும் பட்டறைக்குத் தலைமையேற்றவர் ஹார்லெமிலிருந்து வந்த கிளாஸ் ஸ்லூத்தர். அவரும் போனபின் 1410-ல் முடித்தவர் அவருடைய உடன்பிறந்தார் பிள்ளை கிளாஸ் தெ வெர்வ். கோமகனின் கணக்கர்கள் கூலி கொடுத்ததையெல்லாம் எழுதிவைத்ததால் இன்று பெயர்கள் நிற்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் செப்புத் திருமேனிகளின் உயரம்கூட விரற்கணக்கில் இருக்கிறது. திருவெண்காட்டு ரிஷபவாகனரை வார்த்த கை யாருடையது என்று மட்டும் இன்றுவரை நமக்குத் தெரியாது. அந்தக் கூடத்தில் இதை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா, உட்காருங்கள்" என்று மாப்பிள்ளை பெஞ்சைக் காட்டினார்.

ஸ்லூத்தரின் இன்னொரு வேலை ஊருக்கு மேற்கே ஷாம்மோலில் இருக்கிறது. முதன்மைப் பாதையிலிருந்து 'மோசே' என்ற கிளைப் பாதை பிரிந்து அங்கே போகிறது. பிலிப் கட்டிய மடம் அது. புரட்சிக்குப்பின் அழிந்து, இப்போது மனநல மருத்துவமனை வளாகம். அதற்குள் ஒரு கூரையின் கீழ் 'மோசேயின் கிணறு': ஆறு முகப் பீடத்தைச் சுற்றி ஆள் உயரத்தில் பைபிளில் வரும் ஆறு தீர்க்கதரிசிகள். வழுக்கைத் தலை ஏசாயாவின் நெற்றிச் சுருக்கங்களைப் பார்த்தால் தெருவில் பார்த்த யாரோ ஒரு கிழவர் நினைவுக்கு வருவார். ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் வண்ணம் பூசியிருந்தார்கள். எரேமியாவுக்குச் செம்பில் மூக்குக்கண்ணாடி செய்து மாட்டிய செலவும் கணக்கில் இருக்கிறது.

சாப்பாட்டில் மட்டும் எச்சரிக்கை தேவை. சைவம் என்று அழுத்திச் சொல்லியும் ஓர் உணவகத்தில் இறைச்சித் துண்டு மிதக்கும் முட்டைக் குழம்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். தங்கை மகள் கட்டிக்கொடுத்த புளியோதரை காப்பாற்றியது. ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த கடுகு விழுதைத் தாராளமாக வாங்கலாம். நாம் தாளிக்கும் அதே கடுகினம்தான் பெரும்பாலும், மூக்கில் ஏறும் காரம்.

அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலையில் முதலில் அதைப் பார்த்துவிட்டு, பிறகு ஆந்தைத் தகடுகளைப் பின்தொடருங்கள். அரண்மனைக் கோபுரத்தில் ஏற 316 படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் அந்த நேரத்தையும் கல்லறைக் கூடத்திலேயே செலவிடலாம், பார்ப்பதற்கு அங்கே நிறைய மிச்சமிருக்கும்.