பிரிண்ட் டிசைன் கோர்ஸ்ல சேரப் போறீங்களா, மெஷின் ஓடுதான்னு பாத்துட்டு பணம் கட்டுங்க

கிராஃபிக் கம்யூனிகேஷன், பிரிண்ட் டிசைன்னு பேர் வச்சு ஒரு டெக்னிக்கல் காலேஜ்ல நடத்துற டிப்ளமோவ முடிச்சுட்டு வந்து இதை எழுதுறேன். காலேஜ் பேரைப் போடல, போட்டா பேச்சு மொத்தமும் அந்தப் பக்கம் போயிரும், எனக்கு வேண்டியது அடுத்து சேரப் போறவங்க கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு போகணும்ங்கிறது மட்டும்தான்.

அட்மிஷன் அப்போ சுத்திக் காட்டும்போது ஒரு பெரிய ஹால், நடுவுல ரெண்டு கலர் ஆஃப்செட் மெஷின், பக்கத்துல கட்டிங் மெஷின், எல்லாம் பளபளன்னு இருக்கும். அந்த பளபளப்புதான் முதல் அறிகுறின்னு இப்ப தெரியுது. ஓடுற மெஷின் பக்கத்துல வேஸ்ட் ஷீட் குவிஞ்சு கிடக்கும், கலர் செட் ஆகுற வரைக்கும் ஓட்டின பேப்பர் அது, இல்லாம எந்த பிரஸ்ஸும் கிடையாது. மை வாசனையும் ரோலர் கழுவுற சால்வென்ட் வாசனையும் ஹாலுக்குள்ள நுழையும்போதே மூக்குல ஏறும். இங்க ரெண்டும் இல்ல. மை டப்பாவத் திறந்தா மேல தோல் கட்டி ரப்பர் மாதிரி இருந்துச்சு. ரோலர் கண்ணாடி மாதிரி இறுகிப் போய் கிடந்துச்சு, அதுல மை ஒழுங்கா பிடிக்கவே பிடிக்காது. சார்கிட்ட கேட்டா சர்வீஸ்ல இருக்கு, அடுத்த செமஸ்டர் ஓடும்னு சொல்வாரு. அடுத்த செமஸ்டரும் அதே பதில்தான், கோர்ஸ் முடியுற வரைக்கும் அது ஒரு ஷீட் கூட அடிக்கல.

ஆனா ஒவ்வொரு செமஸ்டர் ஃபீஸ் ரசீதுலயும் "மூலப்பொருள் கட்டணம்"னு தனியா ஒரு வரி இருக்கும். அச்சாகுற உருவம் இருக்கிற பிளேட், மை, பேப்பர், பிளேட்லருந்து மைய வாங்கி பேப்பர்ல பதிக்கிற ரப்பர் பிளாங்கெட், இதுக்கெல்லாம்னு வாங்கினது. ஓடாத மெஷினுக்கு எதுக்குய்யா மை?

சரி மெஷின்தான் இல்ல, தியரியாவது உருப்படியா வந்துச்சான்னா, நோட்ஸ் படிச்சு சொல்வாங்க நாம எழுதிக்கணும். ஒவ்வொரு கலர் மைப் புள்ளி வரிசையும் எந்தக் கோணத்துல சாய்ஞ்சு நிக்கணும்னு ஒரு கணக்கு உண்டு, சியான் 15 டிகிரி, மெஜென்டா 75, மஞ்சள் 0, கருப்பு 45, இதைத் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். ஆனா ஒரு அச்சடிச்ச படத்து மேல லூப்ங்கிற சின்ன பூதக்கண்ணாடிய வச்சு அந்தப் புள்ளிங்க எப்படி ரோஜாப்பூ மாதிரி சேர்ந்து நிக்குதுன்னு ஒரு தடவை கூட யாரும் காட்டல. ஃபிலிம் நெகட்டிவ் எடுக்கிறது, அதை வெட்டி ஒட்டுறது எல்லாம் பரீட்சைக்கு பெரிய கேள்வியா வரும், இன்னைக்கு பிரஸ்ல கம்ப்யூட்டர்லருந்து நேரா பிளேட் எடுக்கிற சிடிபி பத்தி அரைப் பக்கம். லேப்ல இருந்த ஃபான்ட் பாதி டைப் 1ங்கிற பழைய ஃபார்மேட், அடோபி 2023 ஜனவரியிலயே அதுக்கு சப்போர்ட்ட நிறுத்திருச்சு, வெளிய புது வெர்ஷன்ல நம்ம ஃபைலத் திறந்தா ஃபான்ட் மிஸ்ஸிங்னு நிக்கும்.

எல்லாத்துலயும் கொடுமை "லைவ் ப்ராஜெக்ட்". நிஜமான கிளையன்ட் வேலைன்னு சொன்னாங்க. கிளையன்ட் யாருன்னா அந்தக் காலேஜேதான். அட்மிஷன் பிரோஷர், ஹேண்ட்புக், பேனர் எல்லாம் நாங்க ராத்திரி பகலா டிசைன் பண்ணிக் கொடுத்தோம், மார்க் போட்டாங்க, காசு கிடையாது. அடிச்சு வந்த ஹேண்ட்புக்க திருப்பிப் பாத்தா கடைசிப் பக்கத்துல கீழ பொடி எழுத்துல அச்சிட்டவர்னு வெளிய இருக்கிற ஒரு பிரஸ் பேரு! பிரிண்டிங் சொல்லிக் குடுக்கிற காலேஜ் அதோட ஹேண்ட்புக்க வெளிய அடிக்குது. பரவால்ல, எங்க ஃபைல் எப்படி பிளேட் ஆகுது, எப்படி ஓடுதுன்னு பாக்க அந்த பிரஸ்ஸுக்காவது கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டோம், இன்ஷூரன்ஸ் பிரச்சனைன்னு சொல்லிட்டாங்க.

இதனால என்ன நஷ்டம்னு கேக்கலாம், டிசைன் பண்றவனுக்கு மெஷின் எதுக்குன்னும் கேக்கலாம். என் கூடப் படிச்சவன் ஒருத்தன் நல்ல டிசைனர், போர்ட்ஃபோலியோ பாத்தாலே வேலை குடுப்பாங்க, குடுத்தாங்க. முதல் புக்லெட் ஃபைல பிரீபிரஸ்லருந்து, அதாவது பிளேட் எடுக்கிறதுக்கு முன்னாடி ஃபைலச் சரி பாக்கிற செக்ஷன்லருந்து, திருப்பி அனுப்பிட்டாங்க. 30 பக்கம், நடுவுல மடிச்சு அடிக்கிற சென்டர் பின், ஒரு தாளை மடிச்சா நாலு பக்கம், நாலால வகுபடாத பக்கக் கணக்குல அது மடிஞ்சு சேராது. வெட்டுற ஓரத்தத் தாண்டி கலர் 3 மி.மீ. நீண்டு இருக்கணும், அந்த ப்ளீட் இல்ல, கட்டிங்ல வெள்ளைக் கோடு விழும். எழுத்தெல்லாம் ஸ்க்ரீனுக்கான ஆர்ஜிபி கருப்பு, அதை அப்படியே அச்சுக்கான சியான், மெஜென்டா, மஞ்சள், கருப்புக்கு, அதான் சிஎம்ஒய்கேக்கு மாத்தினா கருப்பு பிளேட்ல மட்டும் நிக்காம நாலு பிளேட்லயும் பிரிஞ்சிரும், பொடி எழுத்துல ரிஜிஸ்டர், அதாவது நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்கார்றது, ஒரு மயிரிழை விலகினாலும் ஓரத்துல சிவப்பும் நீலமும் எட்டிப் பாக்கும். ஸ்க்ரீன்ல இது எதுவுமே தெரியாது. ஒரு நாள் மெஷின் பக்கத்துல நின்னு ரிஜிஸ்டர் அவுட் ஆன ஷீட்ட கையில எடுத்துப் பாத்திருந்தா ஜென்மத்துக்கும் மறந்திருக்காது. ஆஃப்செட்ல பிளேட் மேல மையோட தண்ணியும் ஓடும், அந்தத் தண்ணி கூடினா மை வெளுத்துப் போறதும், தண்ணி குறைஞ்சா எழுத்தே இல்லாத இடத்துல மை ஏறுறதும் நோட்ஸ்ல படிச்சா மண்டைல ஏறுற விஷயமா? அவன் சுதாரிச்சுட்டான், அங்க பிரீபிரஸ்ல இருந்த ஒரு அண்ணன் பக்கத்துல உக்கார வச்சு அச்சுக்கு அனுப்புற பிடிஎஃப் எக்ஸ்-4 ஃபைல்லருந்து, பெரிய ஷீட்ல பக்கங்கள மடிப்புக்கு ஏத்த மாதிரி அடுக்குற இம்போசிஷன் வரைக்கும் சொல்லிக் குடுத்தாரு. அப்ப காலேஜுக்கு கட்டின காசு எதுக்கு?

எல்லா வாத்தியாரையும் குறை சொல்லல, டைபோகிராஃபி எடுத்த மேடம் அருமையா எடுத்தாங்க, அவங்களும் மெஷினுக்காக கத்திப் பாத்து ஓய்ஞ்சு போய் வேலைய விட்டுட்டாங்க. மூலப்பொருள் கட்டணத்தையாவது திருப்பிக் குடுங்கன்னு நாங்க சேர்ந்து லெட்டர் எழுதினோம், கட்டின கட்டணம் எதுவும் திருப்பித் தரப்படாதுன்னு அப்ளிகேஷன்ல இருக்கிற வரிய ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினாங்க. மேல யூனிவர்சிட்டிக்கு புகார் போயிருக்கு, இன்னும் பதில் வரல.

நீங்க போனா மெஷினக் காட்டுங்கன்னு கேக்காதீங்க, காட்டுவாங்க, துடைச்சுக் காட்டுவாங்க. ஓட்டுங்கன்னு கேளுங்க. ஸ்டூடண்ட்ஸ் அடிச்ச ஷீட்ட ஓரம் வெட்டாம குடுக்கச் சொல்லுங்க, மை அளவு பாக்கிற கலர் பாரும், கலர் சரியா உக்காந்திருக்கான்னு பாக்கிற ரிஜிஸ்டர் மார்க்கும் அதுல இருக்கணும், ஃப்ரேம் போட்டு மாட்டின போஸ்டர் கணக்குல வராது, அது எங்க வேணா அடிச்சிருக்கலாம். சீனியர் யாரையாவது ஸ்டாஃப் இல்லாத நேரமாப் பாத்து, பிளேட்ட கையால மாட்டியிருக்கீங்களான்னு கேளுங்க. ஹேண்ட்புக் குடுத்தாங்கன்னா முதல்ல கடைசிப் பக்கத்தப் பாருங்க.