லிப்ரே ஆபிஸ்: தேக்கா கடைக் கணக்குக்குப் போதுமா?

லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளைக் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம், சந்தா கிடையாது. எழுத ரைட்டர், கணக்குக்கு கால்க், படக்காட்சிக்கு இம்ப்ரெஸ், தரவுத்தளத்துக்கு பேஸ். எல்லாம் ஒரே நிறுவலில் வரும். சின்னக் கடைக்கு முதல் இரண்டே போதும். பேஸ் பக்கம் போகாமலிருப்பது நல்லது. அதன் வழக்கமான தரவுத்தளத்துக்கு ஜாவா என்ற இன்னொரு மென்பொருளும் வேண்டும்.

தமிழில் ரசீது அடிப்பவர்கள் முதலில் ஒன்றைச் சரிசெய்யவேண்டும். ரைட்டர் தமிழைச் சிக்கலான எழுத்து வகையில் சேர்த்து, அதற்குத் தனி எழுத்துருவும் அளவும் வைத்திருக்கிறது. ஆங்கில எழுத்தை 12க்கு மாற்றினால் தமிழ் பழைய அளவிலேயே நிற்பது இதனால்தான். அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய் அந்த வகையை இயக்கி, இரண்டு அளவுகளையும் தனித்தனியே குறித்துவிடுங்கள்.

கால்க்கின் பலம் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) கோப்பில். திறக்கும்போதே எழுத்துக் குறியாக்கத்தைக் கேட்கும். யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்தால் தமிழ்ப் பெயர்கள் சிதையாது. பார்கோடு உள்ள நெடுவரிசையை 'உரை' என்று குறிக்காவிட்டால் முன்னால் நிற்கும் பூஜ்யங்கள் காணாமல் போகும்.

சிங்கப்பூரில் ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) 2024 முதல் 9 விழுக்காடு. வரி சேர்ந்த விலையை 109ஆல் வகுத்து 9ஆல் பெருக்கினால் வரி கிடைக்கும். நேராக 9 விழுக்காடு எடுத்தால் 109 வெள்ளிக்கு 9 வெள்ளிக்குப் பதில் 9.81 வரும், தப்பு.

குறை? எக்செல் மேக்ரோக்களில் (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்) சில இதில் சரியாக ஓடாது. கணக்காளர் மேக்ரோ கோப்பு அனுப்புபவராக இருந்தால் எக்செலுக்கே காசு கொடுங்கள். வாடிக்கையாளருக்கு ரசீதை பிடிஎஃப் ஆகவே அனுப்புங்கள். வேர்டு கோப்பாகப் போனால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வரிகள் இடம் மாறும்.